கடை விளக்கில் பார்க்காத கத்திரிப்பூ நிறம்

மெர்ச்சன்டைசர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேனேஜர் என்னிடம் கேட்டார். அவரும் ஒரு காலத்தில் என்னிடம் திட்டு வாங்கியவர்தான். வேலையில் இருந்தபோதே யாருக்கும் நான் நல்ல வார்த்தை சொன்னதில்லை, ரிட்டயர்டான பிறகா சொல்லப்போகிறேன்? நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாமல் முழிப்பீர்கள். எனக்கும் அப்படித்தான். குன்னத்தூரில் என் பெரியம்மா, "துணி தைக்கறயா கண்ணு?" என்பார். இல்லை. "விக்கறயா?" அதுவும் இல்லை. "அப்பறம் என்னதான் பண்ற?" வெளிநாட்டில் துணி வாங்குகிற பையர் கேட்பதை இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே நடப்பதை அங்கே சொல்கிறேன் என்றேன். "அட, தரகு!" என்று முடித்துவிட்டு மாட்டுக்குத் தவிடு வைக்கப் போய்விட்டார். இத்தனை வருடத்தில் அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தப்பு நடந்தபோது எனக்கு இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. புதுசில் செய்த தப்பு என்றால் மன்னித்துவிடலாம். இது எல்லாம் தெரியும் என்ற திமிரில் செய்த தப்பு. ஐரோப்பாவின் வட கோடியில் ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் ஒரு பையர், முதல் தடவையாக எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். சின்னப் பெண் குழந்தைகளுக்கான செட். மேலே ஒரு டாப், கீழே ஒரு பேன்ட், இரண்டும் ஒரே கத்திரிப்பூ நிறம். பார்த்தால் நமக்கே ஒரு பெண் குழந்தை இருந்தால் தேவலையே என்று தோன்றும்.

தைப்பதற்கு எஸ்தரிடம் கொடுத்தேன். எஸ்தர் நாசரேத் பக்கத்துக்காரர். பதினெட்டு வயதில் திருப்பூருக்கு டெய்லராக வந்து, சூப்பர்வைசராகி, பிறகு அருள்புரத்தில் ஒரு ஷெட்டைப் பிடித்துச் சொந்தமாக யூனிட் போட்டவர். அதுவரை உள்ளூர் வியாபாரத்துக்கு ஜட்டியும் பனியனும்தான் தைத்துக்கொண்டிருந்தார். "எக்ஸ்போர்ட் ஒண்ணு குடுத்துப் பாருங்கக்கா, நான் எப்படிப் பண்ணுதேன்னு அப்புறம் சொல்லுங்க" என்று இரண்டு வருடம் என் பின்னாலேயே அலைந்தார். கொடுத்ததும் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர், சர்ச்சுக்காரர் என்று நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஷெட்டுக்குப் பின்னாலேயே லைன் வீடுகள் பிடித்துக் குடிவைத்தார். பிள்ளைகளை அருள்புரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. இந்த ஆர்டர் சரியாகப் போனால் அடுத்தடுத்து வரும். போகாவிட்டால் அந்த நாற்பது பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். இதை எஸ்தர் வாய்விட்டு என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, அந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலே எனக்குத் தெரியும்.

ஒரு செட்டின் இரண்டு துணியையும் ஒரே சாயப்பட்டறையில்தான் போட வேண்டும். அந்த வாரம் எங்கள் பட்டறையில் இடமில்லை. நான் என்ன செய்தேன், பேன்ட் துணியை மட்டும் இன்னொரு பட்டறைக்குத் திருப்பிவிட்டேன். டாப்புக்கு பையர் ஓகே சொன்ன நிறத்தைக் கொடுத்து, "இதே மாதிரி வேணுமுங்க" என்றேன். அவர்களும் அதே மாதிரிக் கொண்டுவந்தார்கள். ஆனால் வேறு சாயங்களைக் கலந்து கொண்டுவந்தார்கள். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நம் ஊரில் நிறம் பார்க்கும் அழகு உங்களுக்கே தெரியும். துணித்துண்டு வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போவோம். பதினோரு மணி வெயிலில் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதலாளி ஒரு பக்கம், பட்டறைக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாட்ச்மேனும் எட்டிப் பார்த்து ஒரு கருத்துச் சொல்வார். "நல்லா இருக்குதுங்க" என்று நாலு பேரும் சொல்லிவிட்டால் பால்பாயிண்ட் பேனாவால் துணி மேலேயே கையெழுத்து. வெயிலில் தெரியாத குற்றம் வேறு எதில் தெரியப்போகிறது என்பது நம் நம்பிக்கை. கொங்கு நாட்டு வெயிலாயிற்றே!

பையர் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த புத்தகத்தில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி சொல்லியிருந்தார்கள். அதற்குள் வெயில் மாதிரி ஒரு விளக்கு, வீட்டு பல்பு மாதிரி ஒன்று, அவர்கள் ஊர்க் கடையில் எரிகிற மாதிரி ஒன்று. துணியை உள்ளே வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீஸிலும் ஒரு பெட்டி இருந்தது. கடை விளக்கு ஃபியூஸ் போய் மாதக்கணக்காகியிருந்தது. பெட்டிக்குள் எங்கள் டிபன் கேரியர்கள் இருந்தன.

"கடை விளக்கில் பார்த்தாயிற்றா?" என்று படிவத்தில் ஒரு கட்டம். நான் டிக் போட்டேன். எத்தனையோ ஆர்டருக்குப் போட்ட டிக், இதற்கும் போட்டேன். கை கூசவே இல்லை.

துணி வெட்டி, தைத்து, டாப்பையும் பேன்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் பின் போட்டுக் கோத்து, ஒரே கவரில் போட்டு, முக்கால்வாசி பேக்கிங் முடிந்துவிட்டது. புதன்கிழமை இன்ஸ்பெக்ஷன், வெள்ளிக்கிழமை கன்டெய்னர். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பகலில், தங்கை மகளின் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று பல்லடம் போனேன். கைப்பையில் ஒரு சாம்பிள் செட் இருந்தது, குழந்தைக்குக் கொடுக்க. அதற்குப் பொருத்தமாக ஒரு ஹேர்பேண்ட் வாங்கலாம் என்று பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன்.

பில் போடும் பெண்ணிடம் செட்டை எடுத்துக் காட்டி, "இதுக்கு எது சேரும் சாமி?" என்றேன்.

அந்தப் பெண் பார்த்தாள். "ஏனுங்க்கா, செட்டுங்கறீங்க, மேல ஒரு கலரு, கீழ ஒரு கலரா இருக்குதுங்களே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்லாப் பாரு கண்ணு. நானே பாத்து ஓகே பண்ணுனது."

"நீங்களே பாருங்க்கா."

பார்த்தேன். டாப் கத்திரிப்பூவாகவே இருந்தது. பேன்ட் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஏதோ பத்து தடவை துவைத்து, நிழலில் மறந்து போட்ட மாதிரி. செட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெயிலில் இரண்டும் ஒரே நிறம், அக்கா தங்கை மாதிரி. உள்ளே வந்தேன். சாம்பல். வெளியே போனேன். கத்திரிப்பூ. மூன்றாவது தடவை போனபோது செக்யூரிட்டி, "ஏனுங்கம்மா, எதாச்சுத் தொலைச்சுட்டீங்களா?" என்றார். ஆமாங்க, மானத்தைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கூரையைப் பார்த்தேன். வரிசை வரிசையாக வெள்ளை விளக்குகள். பேன்ட்டில் கலந்த வேறு சாயத்தை வெயில் மறைத்துவைத்திருந்தது, இந்த விளக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த பையரின் கடை போட்டோக்களில் நான் பார்த்த அதே விளக்குகள், கூட்டுறவு பாங்கும் கோழித் தீவனக் கடையும் இருக்கிற பல்லடத்துச் சாலையில்! அந்த இக்கட்டிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை யார் இங்கே கொண்டுவந்தது? அருள்புரத்திலும் அதைச் சுற்றியும் தைத்துக் கொண்டிருக்கிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், அவர்கள் வாங்கும் ஷாம்புவும் பிஸ்கட்டும் குழந்தைச் சட்டையும்தான் கொண்டுவந்தது. நாம் இங்கிருந்து அனுப்பிய துணி அங்கே ஒரு கடையில் தொங்குகிறது. அதனால் இங்கே ஒரு கடை திறக்கிறது. இருபது வருடமாக மெயிலில் மட்டும் நான் பார்த்துவந்த தூரம் அன்றைக்குக் கண் முன்னால் வந்து நின்றது. அது நல்ல நேரத்திலா வந்தது, என் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் வந்தது.

பிறந்தநாளுக்குப் போகவில்லை. நேராக அருள்புரம் இறங்கினேன். எஸ்தர் சர்ச் முடிந்து வந்து, வெள்ளைப் புடவையோடேயே பேக்கிங் மேசையில் நின்றுகொண்டிருந்தார்.

"எக்கா, வாங்க வாங்க! ஞாயித்துக்கிழமையும் விட மாட்டியளா?"

செட்டை மேசையில் வைத்தேன். அவர் ஷெட்டில் ஜன்னல் வெளிச்சம்தான், ஒன்றும் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். கடை விளக்கு, ஃபியூஸ் போன பெட்டி, டிக், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் அந்தப் பேன்ட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"யாரு தப்புக்கா?"

"எந்தப்புதான் எஸ்தரு."

தலையாட்டினார். 'பரவாயில்லக்கா' என்று சொல்லுவார் என நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை.

"நீங்க சொல்லாட்டா அவியளுக்குத் தெரியுமா?"

"புதன்கிழமை இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவருக்குத் தெரியாது. அவரும் ஜன்னலோரமா நின்னுதான் பாப்பாரு. அங்க கடையில மாட்டுன அன்னைக்குத் தெரிஞ்சுரும்."

"அதுக்கு எத்தன நாளாவும்?"

"ரெண்டு மாசம்."

"இப்பவே சொன்னா?"

"நாளைக்கே கேன்சல் ஆனாலும் ஆகும்."

எஸ்தர் பின்பக்கம் லைன் வீடுகளைப் பார்த்தார். யாரோ மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பொடிசுகள் ஒரு காலி அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தன.

"அப்ப, சொல்லாட்டா எனக்கு ரெண்டு மாசம் கிடைக்கும்லாக்கா" என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. இருப்பதைச் சொன்னார். சரியோ தப்போ என்று நாம் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிற பேச்செல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நிற்காது. "நாளைக்குச் சொல்றேன் எஸ்தரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கோழைத்தனம்தான்.

திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் போனேன். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், பேச்சு சுருக்கமாக இருக்கும்.

"நம்ம கேட்டுல பாத்தப்ப நல்லாத்தானே அம்மணி இருந்துச்சு?"

"அது நம்ம ஊரு வெயிலுங்க சார். அவங்க கடைக்குள்ள வெயில் வராதுங்களே."

"பொட்டில பாத்ததா டிக்கு போட்டது யாரு?"

"நானுங்க."

மேசையில் இருந்த நூல் கண்டை ஒரு ஓரமாகத் தள்ளினார். பிறகு சொன்னார்: "அந்த பையர் ஆபீஸ் அம்மா நாளைக்கு அவங்க ஊர்க்காரங்ககிட்ட நம்ம கம்பெனி பேரச் சொல்லாதுங்க அம்மணி. திருப்பூர்ல இப்புடித்தான்னு சொல்லும். நாம பண்றதுக்கு, யாரு எவருன்னே தெரியாத பத்து கம்பெனிக்கு வர்ற ஆர்டரும் சேந்து போகுமுங்க. போனப் போடுங்க. டிக்கு போட்டது நீங்க, பேசறதும் நீங்களே பேசுங்க." எழுந்து செக்கிங் ஹாலுக்குப் போய்விட்டார். அவர் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும், அதையும் கொடுக்கவில்லை.

நமக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அங்கே ஆபீஸ் திறக்கும். பையர் பக்கத்தில் ஒரு பெண்மணி, வீடியோவில் மட்டும் பார்த்துப் பழக்கம். பேச ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிபன் கேரியரைக்கூடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சேர்த்துப் பார்க்காமல் தனித்தனியாகப் பார்த்தால் எப்படி இருக்கின்றன?"

இதை நான் யோசிக்கவே இல்லை, பாருங்கள்! ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த இரண்டையும் ஜோடி சேர்த்தே பார்த்துப் பார்த்து, தனியாகவும் ஒரு பேன்ட் இருக்கலாம் என்பதே மறந்துபோயிருந்தது. தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மெயில் வந்தது. செட்டை உடைத்துவிடுங்கள். டாப் தனியாகப் போகட்டும். பேன்ட்டை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற வெள்ளை டாப்புக்கு ஜோடி போட்டுக்கொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி டேக், தனி பார்கோடு, தனி ஹேங்கர், தனி கவர், சின்ன அளவுப் பெட்டி. இன்ஸ்பெக்ஷனை வெள்ளிக்கிழமை காலைக்குத் தள்ளியிருக்கிறோம். கப்பல் தேதி மாறாது, வெள்ளிக்கிழமை மாலை கன்டெய்னர் போயாக வேண்டும். முடியுமா?

யாரையும் கேட்காமல் முடியும் என்று பதில் போட்டேன். ஆகுமுங்களா என்று யார் கேட்டாலும் முதலில் ஆகுமுங்க என்று சொல்லிவிட்டு, எப்படி என்று அப்புறம் யோசிப்பது நம் ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு நடந்த மூன்று நாளைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். போன் பண்ண வேண்டியவர்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன், தாள் நிறைந்து பின்பக்கம் போயிற்று. பார்கோடு ஸ்டிக்கர் மட்டும் அச்சடிக்கிறவர். குழந்தை ஹேங்கர் மட்டும் வைத்திருக்கிறவர். கவர் போடுகிறவர். பெட்டிக்காரரிடம் அளவு மாறிவிட்டது என்று நான் அழாக்குறையாகச் சொன்னால், "அளவச் சொல்லுங்க, நாளைக்குப் பொழுதோட வண்டி வந்துருமுங்க" என்று அடுத்த போனை எடுத்துவிட்டார். டேக் அடிக்கிற துப்பாக்கியில் ஊசி முறிந்துவிட்டது. அந்த ஊசியை மாற்றிக் கொடுப்பதே தொழிலாக ஒருவர் நாலு தெரு தள்ளி உட்கார்ந்திருந்தார். ஒரு ஊசி! அதை வைத்து ஒரு மனிதர் வீடு கட்டி, பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் கடை வாசலில் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை வருடம் இதே தெருக்களில் போய்வந்திருக்கிறேன், ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குன்னத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரர் உண்டு. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, இஸ்திரி போடுவது எல்லாம் அவரே. திறமைசாலி. ஆனால் அவரிடம் துணி கொடுக்கிறவர்கள் சந்தைப்பேட்டைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் மட்டும்தான். அவ்வளவு பேருக்குக் காஜா மட்டும் எடுத்து ஒரு ஆள் பிழைக்க முடியுமா? முடியாது. அதனால் அவரே எல்லாம் செய்துதான் ஆக வேண்டும். திருப்பூரில் காஜாவுக்கு ஒரு ஆள், கழுத்துப் பட்டிக்கு ஒரு ஆள், எலாஸ்டிக்குக்கு ஒரு ஆள், ஊசிக்கு ஒரு ஆள் என்று எப்படி ஆயிற்று? நாம் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதால் இல்லை. நம்மிடம் துணி கேட்கிறவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் இருக்கிறார்கள். வாங்குகிற கை எவ்வளவு தூரத்திலிருந்து நீள்கிறதோ, அவ்வளவு வேலையாக இந்த ஊர் பிரிந்து முளைத்திருக்கிறது. அந்தக் கை நீண்டதில் வந்த கேடும் உண்டு, சாயத் தண்ணீர் ஓடும் நொய்யல் ஓரம் நடந்துபோய்ப் பார்த்தால் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்று நாளில், எங்கேயோ ஒரு பெண்மணி நாலு வரி தட்டியதற்கு இங்கே இத்தனை தெருவில் இத்தனை மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபோது, எனக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அருள்புரத்தில் எஸ்தரின் ஷெட்டில் வேறொரு சிக்கல். ஒவ்வொரு செட்டையும் கோத்திருந்த பிளாஸ்டிக் பின்னை வெட்ட வேண்டும். கத்தரியால் வெட்டினால் நுனி துணியில் பட்டு ஓட்டை விழுகிறது. பின்னலாடையில் ஒரு கண் அறுந்தால் போதும், துவைக்கத் துவைக்க ஓடிக்கொண்டே போகும். ஒரு மணி நேரத்தில் ஒரு கூடை நிறையப் பாழாகிவிட்டது. எஸ்தர் ஓட்டை விழுந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். பின்னை மட்டும் அதன் வாயில் கொடுத்து ஒரு அழுத்து. டக். துணியில் ஒரு கீறல் இல்லை.

"ஏட்டி, ஓடு! கடைகள்ல எத்தன நெகவெட்டி இருக்கோ அத்தனையும் வாங்கிட்டு வா!" என்று தங்கை முறை ஒருத்தியை விரட்டினார். அன்று அருள்புரத்துப் பெட்டிக்கடைகளில் ஒரு நகவெட்டி மிஞ்சவில்லை. ஷெட் முழுக்க டக் டக் என்று சத்தம். பக்கத்து யூனிட்டிலிருந்து ஒடிசாக்காரர்கள் ஷிப்ட் முடிந்து உதவிக்கு வந்தார்கள். அதில் ஒருவர், நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஹோ ஜாயேகா தீதி" என்றார். ஆகிவிடும் அக்கா என்று அர்த்தம். அவர் ஊரிலும் நம் ஊர்ப் பழக்கம்தான் போல.

"ஹோ ஜாயேகா ஹோ ஜாயேகான்னுட்டே இருக்கான், கையத்தான் அசைக்க மாட்டேங்கான்" என்றார் எஸ்தர். மொத்த மேசையும் சிரித்தது. அவருக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, அவரும் சிரித்தார். என்னைப் பார்த்து மட்டும் எஸ்தர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது கன்டெய்னர் கதவு மூடியது. முதலாளி வண்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மறுநாள் காலையில் லைட் பாக்ஸுக்குப் புது விளக்குகள் வந்து இறங்கின. டிபன் கேரியர்களை நானே எடுத்து வெளியே வைத்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால், உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பேன். அந்தப் பெண்மணி சரக்கை எடுத்துக்கொண்டார், மரியாதையாக நன்றியும் சொன்னார். அடுத்த சீசன் ஆர்டர் வரவில்லை. இந்த முறை உங்களுக்கு இல்லை என்று இரண்டு வரி. எஸ்தரிடம் போனில் சொன்னேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டார். கொடுப்பதற்கு என்னிடம் வேறு ஆர்டரும் இல்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும், இன்னும் மோசமாகக்கூட ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அந்த நாற்பது பேர் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு பல்லடம் போக வேண்டியிருந்தால் மங்கலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். அருள்புரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஆறு மாதம் நான் ஏறவில்லை.

ஆறு மாதம் கழித்து எங்கள் ஆபீஸில் ஒரு பெண், உங்களை மாதிரிப் புதுசு, சைஸ் ஸ்டிக்கர்களை மாற்றி ஒட்டவைத்துவிட்டாள். இருநூறு பெட்டி. அழுதுகொண்டு வந்து நின்றாள். நான் திட்ட வாயைத் திறப்பதற்குள், "மேடம், தப்பா பேக் பண்ணுனத மாத்திக் குடுக்கறதுக்குன்னே ஒரு எடம் இருக்குதாமுங்க, வேற கம்பெனிக்காரங்க சொன்னாங்க" என்றாள். அப்படி ஒரு தொழிலை நான் கேள்விப்பட்டதே இல்லை. சரி, பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் வண்டியில் ஏறிக்கொண்டேன். அவள் அருள்புரத்தில் திரும்பியபோது இறங்கிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். எஸ்தரின் ஷெட் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

தையல் மெஷின்களை ஒரு ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். ஷெட் முழுக்க நீள மேசைகள். நாலைந்து கம்பெனிப் பெட்டிகள், பிரித்தது ஒரு பக்கம், புதிதாகக் கட்டியது ஒரு பக்கம். தப்பான பார்கோடு, தப்பான டேக், மாறிப்போன ஹேங்கர், எல்லாம் இங்கே வந்து சரியாகி, கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த மூன்று நாளை எஸ்தர் வீணாக்கவில்லை. அதையே தொழிலாக்கியிருந்தார்.

"என்னக்கா, ஆறு மாசமா ஆளையே காணும்?"

அந்தப் பெண்ணைக் காட்டி, ஸ்டிக்கர் மாறிப்போன கதையைச் சொன்னேன்.

"எல்லாரும் உங்கள மாதிரியே தப்பு பண்ணுதாவக்கா!" என்று கையைத் தட்டிச் சிரித்தார். "இந்த ஊருக்குள்ள இவ்வளவு தப்பு நடக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, கூட வந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம் துணி எவ்வளவு தூரம் போகிறதோ, எத்தனை கடைக்குப் போகிறதோ, அந்த அளவுக்கு அதில் நடக்கிற தப்பை மட்டும் திருத்தியே ஒரு ஷெட் பிழைக்கலாம் என்றால், இந்த ஊர் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் நான் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது. ஆறு மாதமாக அதைக் கேட்கப் பயந்துதான் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தேன்.

"எஸ்தரு, ஊர்லருந்து கூட்டிட்டு வந்தவங்க எல்லாரும் இருக்கறாங்களா? யாராச்சு திரும்பிப் போயிட்டாங்களா?"

எஸ்தர் சிரிப்பை நிறுத்தினார். "போயிருக்காவக்கா. மூணு பேரு."

"எப்ப போனாங்க?"

"நேத்துதான். ஆளு பத்தலக்கா. இன்னும் பதினஞ்சு பேரக் கூட்டிட்டு வாங்கன்னு நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன்."